மரம் சாஞ்ச செய்தி வருது, மரம் அறுக்கற பசங்களப் பத்தி ஒரு வரி கூட வரல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை மழை ஆரம்பிச்சா போதும், மறுநாள் காலைல உங்க பேப்பர்ல பெங்களூரு பக்கத்துல மரம் சாஞ்ச செய்தி வந்துடும். எந்த ரோட்டுல சாஞ்சுது, எத்தன கார் நசுங்குச்சு, எவ்ளோ நேரம் டிராஃபிக் நின்னுச்சு, எல்லாம் போட்டோவோட போடறீங்க, வேண்டிய செய்திதான், அதுல நான் குறை சொல்லல. ஆனா அதே போட்டோல ஒரு ஓரத்துல லுங்கிய மடிச்சு கட்டிக்கிட்டு, கால்ல ரப்பர் செருப்பு, கையில மரம் அறுக்கற செயின் மெஷின்னு ஒரு பையன் நிப்பான் பாருங்க, அவனப் பத்தி ஒரு வரி கூட இதுவரைக்கும் நான் படிச்சதில்ல. அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நான் லிங்கராஜபுரத்துல விறகு தொட்டி வெச்சிருக்கேன், அப்பா காலத்துல இருந்து நடக்கற தொட்டி. பேக்கரிக்காரங்க, கல்யாண சமையல் காண்ட்ராக்டருங்க, ஹொஸ்கோட்டே பக்கம் விடியறதுக்கு முன்னாடியே பிரியாணி தம் போடறவங்க, இவங்கதான் நமக்கு கஸ்டமர். முன்னாடியெல்லாம் சவுக்கும் தைல மரமும் லாரில வரும், இப்போ சிட்டிக்குள்ள சாயற மரம், ரோடு அகலப்படுத்த வெட்டற மரம், இதுவே நெறைய வருது. அத அறுத்து குட்டி யானையிலயும் பொலேரோ பிக்கப்லயும் ஏத்திட்டு வர்ற பசங்க முக்கால்வாசி நம்ம ஆளுங்க, திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து வந்தவங்க. அவங்க மெஷினயும் வண்டியயும் தினம் பாக்கறவன் நான், அதனால கேள்விப்பட்டத எழுதல, கண்ணால பாக்கறத எழுதறேன்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான் சார். இந்த வேலைக்கு கூலி நடைக் கணக்குல குடுக்கறாங்க. ஒரு நடை ஏத்திட்டுப் போனா இவ்ளோன்னு பேச்சு. சில எடத்துல காசே கிடையாது, மரத்த நீயே எடுத்துக்கோ, வித்துக்கோ, அதான் கூலின்னு சொல்லிடறாங்க. அப்படின்னா மெஷின ஒழுங்கா செட் பண்ற நேரத்துக்கு காசு இல்ல, வண்டில கட்டைய ஒழுங்கா அடுக்கி கட்டற நேரத்துக்கும் காசு இல்ல, அறுக்கற நேரமும் ஓட்டற நேரமும் மட்டும்தான் காசு. கை கால் போறது எங்கன்னு பாத்தீங்கன்னா காசு இல்லாத அந்த ரெண்டு எடத்துலதான்.

மெஷின் செட் பண்றதுன்னா என்ன பெரிய வேலைன்னு கேக்கலாம். சொல்றேன், இத டீக்கடைல படிக்கற பசங்களுக்கும் சேத்து சொல்றேன்.

மொதல்ல செயின் டைட்டு. மெஷின் ஆஃப்ல, சூடு ஆறி இருக்கும்போது, பாரோட, அதாவது செயின் சுத்தி ஓடற நீளத் தகட்டோட, ரெண்டு நட்டையும் கொஞ்சம் லூஸ் பண்ணி, பாரோட மூக்க, அதாவது முன் முனைய, மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு டென்ஷன் ஸ்க்ரூவ திருப்பணும், செயின் பாரோட அடிப்பக்கம் ஒட்டற வரைக்கும். மூக்க கீழ விடாமயே நட்ட டைட் பண்ணணும். அப்புறம் கையுறை போட்டுக்கிட்டு இழுத்துப் பாத்தா செயின் தடையில்லாம ஓடணும், ஆனா கீழ தொங்கக் கூடாது. தொங்கினா ஓட்டத்துல பார விட்டு கழண்டு வரும், ரொம்ப இறுக்கினா பாரும் தேயும் இன்ஜின் பேரிங்கும் போகும். புது செயின்னா கொஞ்ச நேரம் ஓடினதுமே நீளும், நிறுத்தி மறுபடி டைட் பண்ணணும். சூட்டுல டைட் பண்ணிட்டு அப்படியே ராத்திரி வெச்சுட்டா ஆறும்போது செயின் சுருங்கி எல்லாத்தையும் இழுக்கும், அதனால வேலை முடிஞ்சதும் லூஸ் பண்ணி வெக்கணும். மழையில, ராத்திரில, டிராஃபிக் போலீஸ் பக்கத்துல நின்னு சீக்கிரம் சீக்கிரம்னு சத்தம் போடும்போது எந்தப் பையன் இதுக்கு நிறுத்துவான், நீங்களே சொல்லுங்க.

அடுத்தது அரம் போடறது. இதுதான் என் மனசுக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா பாதி ஆபத்து மொட்டை செயின்ல இருந்துதான் வருது. கூரா இருக்கற செயின் மரத்துல வெச்சா தானே உள்ள இழுத்துக்கும், வெளிய சிராய் சிராயா வந்து விழும். மொட்டையான செயின்ல மாவு மாதிரி தூள்தான் வரும், பையன் மெஷின் மேல உடம்பு வெயிட்ட போட்டு அமுக்குவான், அமுக்கும்போது ஒரு செகண்ட் நழுவினா மெஷின் எங்க போகும்னு யாருக்கும் தெரியாது. சந்தையில அதிகம் ஓடற 58 சிசி சைனா மெஷின்ல வர்றது 325 பிட்ச் செயின் (பிட்ச்னா கண்ணிக்கு கண்ணி இடைவெளி), அதுக்கு 4.8 எம்எம் உருண்டை அரம். சின்ன மெஷின்ல வர்ற லோ ப்ரொஃபைல் செயினுக்கு 4 எம்எம். பார் மேலயே பிட்ச், கேஜ் (செயினோட கனம்) எல்லாம் பொறிச்சிருக்கும், அத தொடைச்சு படிச்சாலே போதும், ஆனா கைக்கு கிடைச்ச அரத்த வெச்சு ராவறாங்க, பல்லோட கொக்கியே மாறிப் போகுது. அரத்த 30 டிகிரி சாய்வுல பிடிச்சு, முன்னாடி தள்ளும்போது மட்டும் ராவணும், திரும்ப இழுக்கும்போது தூக்கிடணும். ஒரு பல்லுக்கு எத்தன தேய்ப்போ எல்லா பல்லுக்கும் அத்தன தேய்ப்பு, ரெண்டு பக்கமும். ஒரு பக்கம் அதிகம் ராவிட்டா மெஷின் நேரா அறுக்காது, வளைஞ்சு வளைஞ்சு போகும். பல்லுக்கு முன்னாடி ஒரு சின்ன மேடு இருக்கும், ஒரு கடி எவ்ளோ ஆழம்னு அதுதான் தீர்மானிக்கும், பல்லு நுனிக்கும் அதுக்கும் 0.65 எம்எம் வித்தியாசம் இருக்கணும், சீக்கிரம் அறுக்கும்னு அத அதிகமா தேச்சு எறக்கிட்டா ஒவ்வொரு பல்லும் தாங்க முடியாத கடி கடிச்சு மெஷின் கையிலேயே குதிக்கும்.

பெங்களூரு மரத்துல இன்னொரு தொல்லை, ஆணி. பிஜி போர்டு, டூலெட் போர்டு, டியூஷன் போர்டு, தேர்தல் பேனர், சீரியல் லைட்டு, எல்லாத்துக்கும் ஆணி அடிச்சு அடிச்சு மரம் அத முழுங்கி வெச்சிருக்கும். பழைய இரும்பு ட்ரீ கார்டே அடிமரத்துக்குள்ள போயிருக்கறத நான் பாத்திருக்கேன், வெளிய பட்டை மூடிக்கிட்டு ஒண்ணுமே தெரியல. கட்டைய அறுத்த முகத்துல நீலமும் கருப்புமா மை கொட்டின மாதிரி கறை தெரிஞ்சா பக்கத்துல இரும்பு இருக்குன்னு அர்த்தம், இரும்புத் துரு மரச்சாறோட சேந்து அந்தக் கலர் வரும். அங்க நிறுத்தி வேற எடத்துல அறுக்கணும். ஒரு ஆணில பட்டா அந்த செயினோட பல்லு வரிசையா போச்சு, அதே மெஷின்ல மிச்ச மரத்த அமுக்கி அமுக்கி அறுப்பான், ஏன்னா நடை முடிக்கணும். தார் ரோட்ட ஒரு தடவ தொட்டாலும் அதே கதிதான். மரத்துல ஆணி அடிக்கறத நிறுத்துங்கன்னு மரத்துக்காக பேசறவங்க நெறைய பேர் இருக்காங்க, நல்ல விஷயம், அந்த ஆணி பத்து வருஷம் கழிச்சு ஒரு பையன் கையில வந்து வெடிக்குதுங்கறதயும் சேத்து சொல்லணும்.

பெட்ரோல் விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின், பெட்ரோல்ல 2டி ஆயில் கலக்கணும், மெஷின் புக்குல 50க்கு 1ன்னு போட்டிருந்தா லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1ன்னு போட்டிருந்தா 40 மில்லி. இப்போ பங்க்ல வர்றது இ20 பெட்ரோல், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, எத்தனால் ஈரத்த இழுக்கும், அதனால கலந்து வாரக்கணக்குல வெக்காம அன்னன்னைக்கு வேண்டியத மட்டும் கலக்கணும். செயின் ஆயிலுக்கு பதிலா வண்டில இருந்து எறக்குன கருப்பு ஆயில ஊத்தறாங்க, அதுல இரும்புத் தூள் இருக்கும், பாரும் தேயும், தெறிச்சு மூஞ்சில கையில எல்லாம் படும். ஆயில் வருதான்னு பாக்கறது சுலபம், ஒரு அட்டைக்கு முன்னாடி பார் மூக்க காட்டி ரேஸ் பண்ணா அட்டையில கோடு விழணும்.

ஐடில்ல, அதாவது ஆக்ஸிலேட்டர் அமுக்காம இன்ஜின் சும்மா ஓடும்போது, செயின் ஓடவே கூடாது. ஓடினா ஐடில் ஸ்க்ரூவ திருப்பி சரி பண்ணிட்டுதான் மரத்துக்கிட்டயே போகணும்.

செயின் பிரேக் பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும். முன் கைப்பிடிக்கு முன்னாடி இருக்கற அந்த கார்டு கைக்கு மறைப்பு மட்டும் இல்ல, அதுதான் பிரேக். பார் மூக்கோட மேல் கால்பாகம் எதுலயாவது முட்டினா மெஷின் கண்ண மூடி திறக்கறதுக்குள்ள அறுக்கறவன் மூஞ்சிக்கும் கழுத்துக்கும் திரும்பி வரும். அப்போ மணிக்கட்டு கார்டுல பட்டு பிரேக் விழுந்து செயின் நிக்கணும். எங்க தொட்டிக்கு வர்ற மெஷின்ல பாதிக்கு அந்த கார்டே கிடையாது, உடைஞ்சிருக்கும், இல்ல இடைஞ்சலா இருக்குன்னு கழட்டி வெச்சிருப்பாங்க. இடது கை கட்டைவிரல் கைப்பிடிக்கு அடியில சுத்திப் பிடிக்கணும்னு கூட சொல்லிக் குடுக்க ஆள் இல்ல. தோளுக்கு மேல தூக்கி அறுக்கக் கூடாது, ஏணில நின்னு அறுக்கக் கூடாது, இதெல்லாம் புக்குல மொத பக்கத்துலயே இருக்கு, ஆனா புக்கு இங்கிலீஷ்லயும் சைனீஸ்லயும் இருந்தா அவன் எப்படி படிப்பான்.

போன வருஷம் எங்க பக்கத்து ஏரியால ஒரு தம்பிக்கு தொடையில பட்டுது. பேர் வேண்டாம், கல்யாணமாகி கைக்குழந்த இருக்கு. கிளைய அறுத்து முடிச்சு மெஷின கீழ எறக்கும்போது செயின் இன்னும் ஓடிக்கிட்டே இருந்துச்சு, லுங்கிதான் போட்டிருந்தான். இந்த வேலைக்குன்னே கால் கவசம் இருக்கு சார், உள்ள நீள நீளமா நார் வெச்சு தைச்சிருப்பாங்க, செயின் பட்டா அந்த நார் இழுத்துக்கிட்டுப் போய் செயின சுத்த வெக்கற பல்சக்கரத்துல (ஸ்ப்ராக்கெட்) சிக்கி மெஷினயே நிறுத்திடும். அது இருந்திருந்தா கவசம் கிழிஞ்சிருக்கும், கால் தப்பிச்சிருக்கும். கூட்டிட்டு வந்த காண்ட்ராக்டர் மொத நாள் ஆஸ்பத்திரி பில்ல கட்டிட்டு அப்புறம் ஃபோன் எடுக்கல. வேலை செய்யற எடத்துல அடிபட்டா வேலை குடுத்தவன் நஷ்ட ஈடு குடுக்கணும்னு 1923லயே இந்த நாட்டுல சட்டம் வந்தாச்சு. ஆனா நடைக் கணக்குல கூப்பிட்ட பையன் பேரு எந்த ரிஜிஸ்டர்லயும் இல்ல, அவன் எதக் காட்டி கேப்பான்.

சாஞ்ச மரத்த அறுக்கறது நிக்கற மரத்த வெட்டறதவிட கஷ்டம்னு வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு தெரியாது. குல்மொஹர், தூங்குமூஞ்சி, மஞ்சப்பூ பூக்கற பெல்டோஃபோரம், இதெல்லாம் ஃபுட்பாத்துக்கும் டிரைனேஜுக்கும் வேர வெட்டி சுத்தி காங்கிரீட் போட்டதுல பிடிமானம் போய், காத்தடிச்சதும் வேரோட சாயுது. சாஞ்சு ஒரு முனை காம்பவுண்ட் சுவர் மேல, இன்னொரு முனை ரோட்டுலன்னு பாலம் மாதிரி கெடக்கும்போது நடுவுல மேல இருந்து அறுத்தா, மேல்பக்கம் நெருங்கி வந்து பார கவ்விக்கும், இழுத்தாலும் வராது. மேல மூணுல ஒரு பங்குக்குள்ள அறுத்து நிறுத்திட்டு, கீழ இருந்து மேல வந்து முடிக்கணும், இல்லன்னா வெட்டுல ஆப்பு அடிச்சு வெச்சுக்கிட்டு அறுக்கணும். ஒரு முனை அந்தரத்துல தொங்கினா இதுக்கு நேர் எதிர், மொதல்ல கீழ கொஞ்சம், அப்புறம் மேல இருந்து. எல்லாத்தையும்விட பயங்கரம் வேர் பக்கம். அடிமரத்த அறுத்து கனம் போனதும், அவ்ளோ பெரிய வேர்த்தட்டு மண்ணோட சடார்னு எழுந்து பழைய குழிக்குள்ளயே போய் உக்காரும். அந்தக் குழிகிட்ட நின்னுதான் ஜனங்க ஃபோன்ல வீடியோ எடுக்கறாங்க, கொழந்தைங்க ஓடி ஓடி விளையாடுது. தயவு செஞ்சு தள்ளி நில்லுங்க. மரத்துல ஒயர் சிக்கியிருந்தா கரண்ட் கம்பெனி பெஸ்காம் நம்பர் 1912க்கு அடிச்சு லைன ஆஃப் பண்ணாங்களான்னு உறுதி பண்ற வரைக்கும் எந்தப் பையனையும் ஏறச் சொல்லாதீங்க. மாநகராட்சி நம்பர் 1533.

இப்போ வண்டிக்கு வர்றேன். குட்டி யானைன்னு நாம சொல்ற டாடா ஏஸ் 2005ல வந்துச்சு, சந்து பொந்துல பூந்து வர்றதால விறகுக்காரங்களுக்கெல்லாம் அதுதான் கை. ஆனா அது தாங்கற லோடு முக்கா டன்தான். கணக்கு போட்டுப் பாருங்க. பாடி ஏழடி நீளம், கிட்டத்தட்ட அஞ்சடி அகலம், பலகை ஒரு அடி ஒசரம், ஆக மொத்தம் 35 கன அடி எடம். கட்டைக்கு நடுவுல சந்து போக மரம் மட்டும் ஒரு 20 கன அடி வரும். அன்னைக்கு அறுத்த பச்சை மரத்துல பாதிக்குப் பாதி தண்ணி, ஒரு கன அடி 25 கிலோவுக்கு குறையாது. பலகை மட்டத்துக்கு அடுக்கினாலே அரை டன்னுக்கு மேல ஆச்சு. நம்ம பசங்க கேபின் ஒசரத்துக்கு அடுக்கறாங்க, ரெண்டு மடங்கு, ரெண்டரை மடங்கு. பொலேரோ பிக்கப் ஒண்ணரை டன் பக்கம் தாங்கும், அதுலயும் இதே கூத்துதான், ஸ்பிரிங் பட்டை நேராகி டயர் மட்கார்ட தொடற வரைக்கும் ஏத்தறாங்க. ஏன்னா ரெண்டு நடையா போனா டீசலும் டிரைவர் கூலியும் பையன் தலையில, ஒரே நடையா அடிச்சா மிச்சம்.

லோடு அடுக்கறதுலயும் வேல இருக்கு. பெரிய கட்டைங்க கேபினுக்குப் பின்னாடி அடியில வரணும், வெயிட்டு பின் அச்சுக்கு முன்னாடியே நிக்கணும். நீளக் கட்டைய டெயில் போர்ட கீழ எறக்கி பின்னாடி நீட்டிக்கிட்டு வந்தா முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பு போயிடும், ஹெப்பாள் ஃப்ளைஓவர் ஏத்தத்துல அத நல்லா பாக்கலாம். உருண்டைக் கட்டைக்கு ரெண்டு பக்கமும் சின்ன துண்ட அடைப்பு குடுக்கணும். மழையில நனைஞ்ச பட்டை சோப்பு மாதிரி வழுக்கும், ஒரு கயிறு குறுக்க போட்டு முடிச்சு போட்டா ரெண்டாவது ஸ்பீட் பிரேக்கர்லயே லோடு அமுங்கி கயிறு தொளதொளன்னு ஆயிடும், அதனால கைப்பிடிய ஆட்டி இறுக்கற ராச்செட் பெல்ட்டு ரெண்டு எடத்துல போட்டு, கொஞ்ச தூரம் போய் நிறுத்தி மறுபடி இறுக்கணும். லோடு மேல ஆள் உக்காரவே கூடாது. இத நான் தொட்டிக்கு வர்ற ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்றேன், கேபின்ல எடம் இல்லண்ணா, எங்க உக்காரறதுங்கறான்.

2019ல திருத்தின மோட்டார் வாகன சட்டத்துல ஓவர்லோடுக்கு 20,000 ரூபா, கூடுதலா இருக்கற ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. லோடு பாடிய விட்டு வெளிய நீட்டிக்கிட்டிருந்தா அதுக்கு ஒரு 20,000. சட்டம் சரிதான். ஆனா அபராதம் விழறது டிரைவர் மேல, அவ்ளோ ஏத்த வெச்ச ஆளு ஏசி ரூம்ல இருக்கான்.

பழைய பெங்களூரு மாநகராட்சி பிபிஎம்பி போய் 2025ல கிரேட்டர் பெங்களூரு அதாரிட்டி வந்து அஞ்சு மாநகராட்சி ஆயிடுச்சு. புது ஆபீஸ், புது டெண்டர். டெண்டர்ல என்ன எழுதணும்னு நான் கேக்கறேன்னா, மரம் அறுக்கற கூலி மணிக் கணக்குல இருக்கணும், மெஷின் செட் பண்ற நேரமும் லோடு கட்டற நேரமும் அதுல சேரணும். விறகு வெளிய போறது எடை மேடை சீட்டோட போகணும், நடைக் கணக்குல இல்ல. பிரேக் இல்லாத மெஷின் சைட்டுக்குள்ளயே வரக் கூடாது. ஹெல்மெட், கண்ணாடி, காது மூடி, கால் கவசம், பூட்ஸ் இதெல்லாம் காண்ட்ராக்டர் குடுக்கணும், குடுத்தானான்னு வார்டு இன்ஜினியர் சைட்டுக்கு வந்து பாத்துட்டு பில்லுல கையெழுத்து போடணும். அறுக்கற பையன் பேரு ரிஜிஸ்டர்ல ஏறணும். தனியார் அபார்ட்மெண்ட்காரங்களுக்கும் இதேதான், 1976 மரப் பாதுகாப்பு சட்டப்படி மர அதிகாரிகிட்ட பர்மிஷன் வாங்கறதோட உங்க பொறுப்பு முடியல, உள்ள வர்ற பையன் கால்ல என்ன இருக்குன்னும் கேட்டுட்டு கேட்ட திறங்க.

என்னை மாதிரி தொட்டிக்காரங்களும் செய்ய வேண்டியது இருக்கு. நான் இப்போ எடை போட்டுதான் வாங்கறேன், பச்சை மரத்துக்கு ஒரு ரேட்டு, பொளந்து காய வெச்சதுக்கு நல்ல ரேட்டு, அதனால ஒரே நடையில குமிச்சு கொண்டுவந்து கொட்டணும்ங்கற அவசரம் எங்ககிட்ட வர்ற பசங்களுக்கு கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஃப்ரேசர் டவுன், டேனரி ரோடு, ஸ்ரீராம்புரம் பக்கத்துல இருக்கற மத்த தொட்டிக்காரங்களும் இப்படி வாங்கினா காண்ட்ராக்டருங்களுக்கு வேற வழி இருக்காது.

சார், அடுத்த கோடை மழைக்கு முன்னாடி உங்க நிருபர் ஒருத்தர அனுப்புங்க. ராத்திரி மரம் சாஞ்ச எடத்துக்கே நேரா போகச் சொல்லுங்க, அறுக்கற பையன்கிட்ட மூணு கேள்வி கேட்டா போதும், மெஷின்ல பிரேக் இருக்கா, இன்னைக்கு கூலி எந்தக் கணக்கு, அடிபட்டா யாருக்கு ஃபோன் பண்ணுவ. அவன் சொல்ற பதில அப்படியே போடுங்க. அரம் போடத் தெரியாத பசங்க யாரா இருந்தாலும் ஞாயித்துக்கிழமை காலைல மெஷின தூக்கிட்டு எங்க தொட்டிக்கு வரலாம், நான் உக்காந்து சொல்லித் தர்றேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு விறகு தொட்டிக்காரன்,
லிங்கராஜபுரம், பெங்களூரு.